அரைமணிக் கட்டங்கள்

எங்கள் பேருந்து வீட்டு வாசலில் வந்து நின்று இன்றோடு பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. 38 நாட்கள், ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர், ஆறு பேர். போபாலில் புறப்பட்டு, நாகபுரி, ஐதராபாத், பெங்களூரு வழியாகக் கன்னியாகுமரி வரை சென்று, மேற்குக் கரையோரமாகத் திரும்பினோம். பயணம் எப்படி இருந்தது என்று கேட்ட நண்பர்களுக்கெல்லாம் "நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லிவந்தேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. என்னை எழுதத் தூண்டியது அதன் பிறகு நிகழ்ந்தது. ஊதியமில்லா வீட்டுவேலையின் நேரக் கணக்கை நான்கு ஆண்டுகளாக ஆய்ந்துவரும் ஒருத்தி, தன் வீட்டுக்குத் திரும்பி வந்து கண்டதைச் சொல்ல விழைகிறேன். சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் பேருந்தைப் பற்றி. அப்பா 1981இல் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து போபால் பெல் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். ஓய்வுபெற்ற பின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவரால் இயலவில்லை. பள்ளி ஒன்று ஏலத்தில் விட்ட 26 இருக்கைகள் கொண்ட சிற்றுந்தைச் சேமிப்பின் ஒரு பகுதியைக் கொண்டு வாங்கினார். கோவிந்த்புரா தொழிற்பேட்டையில் ஒரு நண்பரின் பட்டறையில் ஏழு மாதங்கள் அதனோடு மல்லுக்கட்டினார். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை உரிய அனுமதியின்றி மாற்றலாகாது. அதற்கான தாள்களைச் சேர்ப்பது அண்ணனின் வேலையாயிற்று. இருக்கைகள் போன இடத்தில் ஈரடுக்குப் படுக்கைகள், மடக்கு மேசை, கூரையில் சூரியத் தகடு, இரண்டு அடுப்புகள், 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஆகியன வந்தன. தொட்டியில் எவ்வளவு மீதம் உள்ளது என்பது எல்லார் கண்ணிலும் படும்படி ஓர் ஒளிபுகும் குழாயை அப்பா செங்குத்தாகப் பொருத்தினார். மஞ்சள் வண்ணத்தை மாற்றியபோதும் பின்கதவில் 'ஆபத்துக்கால வழி' என்று இந்தியில் எழுதியிருந்ததை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டார்.

அண்ணி பள்ளி ஆசிரியை. எனவே கோடை விடுமுறைக்குள் போய்த் திரும்ப வேண்டும். மே 6 காலையில் புறப்பட்டோம்: அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய எட்டு வயது மகள், நான். அப்பாவும் அண்ணனும் மாறிமாறி ஓட்டினர்.

நான் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் சென்றேன். நேரப் பயன்பாட்டு ஆய்வில் ஈடுபட்டோருக்கு இந்த முறை தெரிந்ததே. தேவகி ஜெயின் போன்றோர் 1970களிலேயே ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் பெண்களின் நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டினர். 1998–99இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டக் கணக்கெடுப்பு நடந்தது. நான் பிறந்து வளர்ந்த மத்தியப் பிரதேசமும், என் பெற்றோர் பிறந்த தமிழ்நாடும் அவற்றுள் அடங்கும். நாடு தழுவிய முதற் கணக்கெடுப்பைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்தியது. அதிகாலை 4 மணி தொடங்கி மறுநாள் அதிகாலை 4 மணி வரை ஒரு நாளை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தார்கள் என்று குறித்தனர். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளோரில், ஊதியமின்றி வீட்டுவேலை செய்வதாகப் பதிவானவர்கள் பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு. அவ்வாறு செய்தவர்கள் ஒரு நாளில் செலவிட்ட சராசரி நேரம் பெண்களுக்கு 299 நிமிடங்கள், ஆண்களுக்கு 97 நிமிடங்கள். இந்த எண்களை நான் கருத்தரங்குகளில் எத்தனையோ முறை திரையிட்டிருக்கிறேன். அவை என் வீட்டுக்கும் உரியவை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் என் வீட்டை அளந்து பார்த்ததில்லை.

பேருந்தில் அளந்தேன். முதல் நான்கு நாட்கள் வீட்டில் போலவே கழிந்தன. அம்மா சமைத்தார், நாங்கள் உண்டோம். ஐந்தாம் நாள் பெங்கங்கா ஆற்றைக் கடந்து அதிலாபாத் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். மே மாத வெயிலில் தகரக் கூரை கொதித்தது. உணவுக்காக வண்டியை நிறுத்தியதும் அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். இரண்டு நிமிடத்தில் அணைத்துவிட்டுக் கீழே அமர்ந்தார். "என்னால முடியல," என்றார். வீட்டில் அவர் இப்படிச் சொல்லியிருந்தாலும் அது கூடத்துக்குக் கேட்டிருக்காது. இங்கோ அப்பா கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்திருந்தார். வெங்காயக் கூடை அவர் காலடியில் இருந்தது. அவர் நறுக்கத் தொடங்கினார். அண்ணன் அரிசி களைந்தார். எவரும் எவருக்கும் அறிவுரை கூறவில்லை.

அதன் பிறகு வேலைகள் மெல்ல இடம் மாறின. பாத்திரம் கழுவுவது அண்ணனிடம் போயிற்று. பழைய செய்தித்தாளால் முதலில் துடைத்துவிட்டு, ஒரே வாளித் தண்ணீரில் அத்தனையையும் முடிக்க அவர் கற்றுக்கொண்டார். குழாயில் நீர்மட்டம் ஒவ்வொரு மாலையும் எங்கே நிற்கிறது என்று அண்ணன் மகள் பேனாவால் கோடிட்டாள். கோடு தாழ்ந்திருந்த நாளில் "இன்னைக்கு யாரு ரெண்டு தடவ முகம் கழுவினது?" என்று விசாரணையும் நடத்தினாள். நான் காலைச் சிற்றுண்டியை ஏற்றேன். அம்மா அனந்தபூருக்குப் பிறகு ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்குப் போனார். கைப்பேசியில் வழி பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பாயிற்று. முப்பந்தலில் காற்றாலைகளுக்கிடையே வண்டி நின்றபோது காற்று உடம்பையே தள்ளியது. அடுப்பு மூன்று முறை அணைந்தது. "இன்னைக்கு அடுப்புக்கு லீவு," என்று அம்மா அறிவித்தார். ஆரல்வாய்மொழியில் இட்லி வாங்கி உண்டோம். ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆலப்புழையிலிருந்து கார்வார் வரை துணி உலரவேயில்லை. உள்ளேயே கயிறு கட்டினோம். நடந்தால் ஈரத்துணி முகத்தில் படும். ஆகவே உலர்ந்ததை முதலில் காண்பவர் மடித்து வைத்தார்.

என் குறிப்பேட்டின்படி பேருந்தில் அம்மாவின் வீட்டுவேலை ஒரு நாளுக்குச் சராசரியாக 7 கட்டங்கள். அப்பா 5, அண்ணன் 5, அண்ணி 6, நான் 5. கணக்கெடுப்பின் சராசரிகளோடு ஒப்பிட்டு நான் மகிழ்ந்ததை மறைக்கப் போவதில்லை.

இதற்கிடையே ஒன்று நிகழ்ந்தது. அதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. அம்பாசமுத்திரத்தில் உறவினர் வீட்டில் மூன்று நாட்கள் தங்கினோம். அங்கே அப்பா திண்ணையில் அமர்ந்தார். அண்ணன் தாமிரபரணியில் குளித்துவிட்டு வந்து இலையின் முன் அமர்ந்தார். நான் பழைய நூல்கள் இருந்த அலமாரியைக் கண்டுபிடித்து அதன் அருகே இடம்பிடித்தேன். அம்மாவும் அண்ணியும் அடுப்படியில் இருந்தனர். அந்த மூன்று நாட்களின் எண்கள் மற்றவற்றோடு பொருந்தவில்லை. 'விருந்தினர் வீடு, விதிவிலக்கு' என்று ஓரத்தில் எழுதி, சராசரியிலிருந்து நீக்கிவிட்டேன்.

பயணத்தின் கடைசி இரவு மகாராஷ்டிர எல்லை கடந்து, பிஜாசன் மலைப்பாதை ஏறி, செந்த்வா தாண்டி, கல்காட்டில் நர்மதைக்கு அருகே ஒரு தாபாவின் வெளியில் தங்கினோம். காலையில் ஆற்றைக் கடந்து இந்தூர், தேவாஸ், ஆஷ்டா என்று வந்துகொண்டிருந்தோம். அண்ணன் மகள் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டபடி இருந்தாள். முன்னிருக்கையில் அம்மா சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். சீஹோரைத் தாண்டியதும் பேச்சு நின்றது. சற்று நேரம் கழித்து யாரையும் நோக்காமல் சொல்லத் தொடங்கினார். "பால் வாங்கணும். மாவு இல்ல. மேல டேங்க்ல தண்ணி இருக்கோ என்னமோ. பல்லி எச்சமாக் கிடக்கும்." போபாலுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. நாங்கள் ஐவரும் பேருந்தில் இருந்தோம். அம்மா ஏற்கெனவே வீட்டுக்குள் போய்விட்டிருந்தார்.

மாலை நாலரை மணிக்குப் பூட்டைத் திறந்தோம். மூடிக் கிடந்த வீட்டின் வெக்கை முகத்தில் அடித்தது. அந்த முதல் அரைமணிக் கட்டத்தை அன்றிரவே எழுதிவைத்தேன். அப்பா, பக்கத்து வீட்டுக்காரரிடம் வண்டியின் மைலேஜைப் பற்றிப் பேசிக்கொண்டு வாசலில். அண்ணன், அலுவலக மின்னஞ்சல்களைப் பார்த்துக்கொண்டு மாடியறையில். அண்ணன் மகள், தொலைக்காட்சியின் முன். அண்ணி, சலவை இயந்திரத்தின் அருகே. நான், என் மேசையில். குறிப்பேட்டின் எண்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கியிருந்தேன். அம்மா, கையில் விளக்குமாற்றுடன் அடுப்படியில். ஐந்து மணிக்கு என் மேசைக்குத் தேநீர் வந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதை வாங்கிக் குடித்தேன். 38 நாட்களில் எவரும் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்ததில்லை என்பது கோப்பை காலியான பிறகுதான் உறைத்தது.

அடுத்த ஏழு நாட்களும் குறித்தேன். அம்மா 15 கட்டங்கள். அண்ணி, பள்ளி திறந்த பின்னும், 9. அப்பா 1. அண்ணன் 1. நான் 1. என் எண்ணும் அண்ணன் எண்ணும் ஒன்றாக இருந்ததுதான் என்னை அதிகம் உறுத்தியது. ஆண் பெண் வேறுபாட்டை விளக்கும் அட்டவணையில் நான் ஆண்களின் வரிசையில் நின்றேன். எங்கள் வீட்டில் 'அவ படிக்கா' என்ற ஒரு சொல் உண்டு. பத்தாம் வகுப்பிலிருந்து அது என்னை அடுப்படியிலிருந்து விலக்கிக் காத்துவருகிறது. பெண்களின் ஊதியமில்லா உழைப்பைப் பற்றிய என் ஆய்வேடு அந்த விலக்கின் நிழலில்தான் எழுதப்படுகிறது. நன்றியுரையில் அம்மாவுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறேன்.

காரணத்தை நான் உடனே கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன்: சுவர். பேருந்தில் அடுப்பு எல்லார் நடுவிலும் இருந்தது. செய்பவரின் வியர்வையும் தெரிந்தது, தண்ணீரின் மட்டமும் தெரிந்தது. எங்கள் வீட்டிலோ அடுப்படி பின்கோடியில், கூடத்துக்குத் தெரியாத மூலையில் உள்ளது. கண்ணுக்குத் தெரியாத வேலை கணக்கிலும் தெரிவதில்லை. உழைப்பின் பங்கீட்டை வீட்டின் கட்டமைப்பு எங்ஙனம் தீர்மானிக்கிறது என்று ஒரு கட்டுரையின் சுருக்கத்தைக்கூட எழுதிவிட்டேன். எட்டாம் நாள் உணவின்போது இதை விளக்கியதும் அப்பா உற்சாகமானார். ஃபிட்டருக்கு இதைவிட இனிய செய்தி ஏது? அளவு நாடாவுடன் எழுந்துபோய் அடுப்படிச் சுவரை அளந்தார். "நாலுக்கு மூணு. ஒரு சன்னல் எடுத்துருவோம். ரெண்டு நாள் வேலை."

அம்மா தட்டைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "சன்னல் வச்சா என்ன ஆகும்?"

"நீ எங்களப் பாக்கலாம். நாங்க உன்னப் பாக்கலாம்."

"பாத்துக்கிட்டு?"

அப்பா விடை சொல்லவில்லை. அம்மா கோபமாகப் பேசவில்லை. விலை பேசுவதுபோல் நிதானமாகச் சொன்னார். "சுவரு ஒண்ணும் பண்ணல. பஸ்ஸுல உங்களுக்குப் போக வேற இடம் கிடையாது. அதான் எல்லாரும் செஞ்சிய. இங்க ஆளுக்கொரு இடம் இருக்கு, போயிட்டிய. எனக்கு அடுப்படிதான் இருக்கு."

என் நான்காண்டு ஆய்வில் இத்தனை தெளிவான ஒரு விளக்கத்தை நான் எழுதியதில்லை. நான் அம்மா இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ நாங்கள் போகும் இடங்களைப் பார்த்திருந்தார். அப்பாவுக்கு வாசல், அண்ணனுக்கு மாடியறை, எனக்கு மேசை. அம்பாசமுத்திரத்தில் திண்ணை, ஆறு, புத்தக அலமாரி. நான் விதிவிலக்கென்று நீக்கிய அந்த மூன்று நாட்களில் எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. பேருந்து எங்களைத் திருத்தவில்லை. நழுவிச்செல்ல இடமில்லாமல் செய்தது. இடம் கிடைத்த மாலையே நழுவினோம்.

அன்றிரவு அம்மா என் குறிப்பேட்டைக் கேட்டார். மேசையைத் துடைக்கும்போது பார்த்திருக்கிறார். 'ச' என்றால் சமையல், 'பா' என்றால் பாத்திரம், 'து' என்றால் துணி என்று அவரே புரிந்துகொண்டிருந்தார். கண்ணாடியை அணிந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எத்தனையோ வீடுகளில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியவள் நான். என் அம்மாவிடம் ஒப்புதல் கேட்டிருக்கவில்லை. அதை அவர் சுட்டிக்காட்டவில்லை. ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"ராத்திரி பத்து முதல் அஞ்சு வரைக்கும் தூக்கம்னு போட்டிருக்க. பஸ்ஸுல நான் எங்கட்டி தூங்கினேன்? பெட்ரோல் பங்க்ல கிடக்கோம். லாரி வந்து நிக்கும், பேச்சுக்குரல் கேக்கும். நீயும் பிள்ளையும் கிடக்கிய. நான் எப்படித் தூங்க?"

படுத்திருந்தவரைப் பார்த்து நான் 'தூக்கம்' என்று எழுதியிருந்தேன். நாளைக்கு அரிசி போதுமா, எரிவாயு எத்தனை நாளைக்கு வரும், அப்பாவின் மாத்திரை எந்தப் பையில் உள்ளது என்ற எண்ணங்களும் என் கட்டங்களுக்குள் வரவில்லை. ஒரே கட்டத்தில் பல செயல்கள் நிகழ்ந்தால் அவற்றைக் குறிக்க நம் முறையில் வழியுண்டு. விழித்துக் கிடப்பதற்கு நான் ஒரு குறியீடு வைத்திருக்கவில்லை. ஆகவே நான் மகிழ்ந்து கொண்டாடிய அந்த 7 என்ற எண்ணும் சரியில்லை. பேருந்தைப் பொன்னுலகமாக்கி, வீட்டைச் சிறையாக்கிப் பேசும் எளிமையும் அத்துடன் போயிற்று.

பேருந்தை விற்றுவிடுவதாக முன்பே பேசியிருந்தோம். சேமிப்பில் ஒரு பகுதி அதில் முடங்கியிருக்கிறது. பத்தாம் நாள் ரைசேனிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். அவர் சொன்ன தொகையை அப்பா உள்ளே வந்து அம்மாவிடம் கூறினார். "அந்த விலைக்கு நானே வாங்கிக்கிடுதேன்," என்றார் அம்மா. அண்ணன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்பா சற்று நேரம் நின்றிருந்துவிட்டு, வெளியே போய் வந்தவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். விற்பனை கைவிடப்பட்டதா, தள்ளிப்போடப்பட்டதா என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு அம்மா சாவியை எடுத்துக்கொண்டு போய், வேப்பமர நிழலில் நிற்கும் பேருந்தின் முன்னிருக்கையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கிறார். வார இதழ் ஒன்றைக் கொண்டுபோகிறார். போகும்போது எவரையும் அழைப்பதில்லை. இந்த வீட்டில் அவர் போவதற்கென்று ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மற்றவை பெருமையாகச் சொல்லும்படி இல்லை. காலை ஐந்தரை முதல் ஏழு வரை அடுப்படி என் பொறுப்பு என்று நான்கு நாட்களுக்கு முன் ஏற்றேன். நான்கில் ஒரு நாள் தூங்கிவிட்டேன். எழுந்தபோது சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இரவுப் பாத்திரங்கள் அண்ணனுடையவை. அலுவலக அழைப்பு நீண்ட இரவில் அண்ணி கழுவிவிட்டார். அப்பா மாவரைக்கிறார், சந்தைக்குப் போகிறார், பட்டியல் மட்டும் அம்மாவிடமிருந்தே வருகிறது. சன்னலை எடுக்கவில்லை.

இந்தக் குறிப்புகளை ஆய்வேட்டில் சேர்க்கப் போவதில்லை. ஒப்புதலின்றித் தொடங்கியவை அவை. ஒரே குடும்பத்தின் ஒரு கோடைக்காலத்தைக் கொண்டு எதையும் நிறுவவும் இயலாது. ஆனால் அடுத்த மாதம் களத்துக்குத் திரும்பும்போது வினாப்பட்டியலில் ஒரு கேள்வியைக் கூட்டப் போகிறேன். 'இந்த அரைமணியில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்பதற்குப் பின், 'அப்போது வீட்டில் மற்றவர்கள் எங்கே இருந்தனர்?' என்று கேட்க வேண்டும். இத்துறையில் உழைக்கும் நண்பர்கள் இதை எவ்வாறு முறைப்படுத்தலாம் என்று எண்ணுவதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகே இடுகிறேன். இரண்டு இடங்களை நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன். பேருந்தைப் பற்றிய பகுதி இருக்கட்டும் என்றார். இதை எழுதி முடிக்கையில் மணி நாலாகப் போகிறது. அவர் திரும்பி வரும் நேரம். தேநீர் போட வேண்டும்.